‘ரிவர்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்: மீள்வதா, மீளச் செய்வதா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல துறைக் கட்டுரைகள் அடங்கிய ஆங்கில நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அந்நூலில் ‘ரிவர்ட்’ என்னும் வினைச்சொல் நான்கு இடங்களில் நான்கு விதமாக வருகிறது. சொத்துரிமை பற்றிய இயலில் குத்தகைக் காலம் முடிந்ததும் நிலம் ‘ரிவர்ட்’ ஆகிறது. மரபியல் இயலில் ஒரு புறா தன் மூதாதையின் நிறத்துக்கு ‘ரிவர்ட்’ ஆகிறது. மென்பொருள் இயலில் ஒரு நிரலர் நேற்றைய மாற்றத்தை ‘ரிவர்ட்’ செய்கிறார். அலுவலகக் கடிதங்கள் பற்றிய இயலில் ஒருவர், விவரங்களைப் பார்த்துவிட்டு ‘ரிவர்ட்’ செய்வதாக எழுதுகிறார். ஒரு சொல்லுக்கு நூல் முழுவதும் ஒரே தமிழ்ச்சொல் வேண்டும் என்பது பதிப்பாசிரியரின் விருப்பம். ‘திரும்பு’ என்று நான்கு இடத்திலும் எழுதிப் பார்த்தேன். இரண்டு இடங்களில் மட்டுமே வாக்கியம் நின்றது. இச்சொல் எங்கிருந்து வந்தது, இதன் அடிப்படைப் பொருள் என்ன, நான்கு பொருள்களுக்கும் ஊடே ஓடும் இழை ஒன்று உண்டா என்பதை அறிந்தவர்கள் விளக்கினால், சொல்லைத் தேர்வதில் எனக்குத் தெளிவு பிறக்கும்.

வேர்தேடி எழுதியது:

நல்ல கேள்வி. பிறப்பிலிருந்து தொடங்குகிறேன். ‘ரிவர்ட்’ என்பதன் தாய் இலத்தீன் மொழியின் ‘ரெவெர்த்தெரே’. அதில் ‘ரெ’ என்பது பின்னோக்கி என்ற பொருள் தரும் முன்னொட்டு. ‘வெர்த்தெரே’ என்றால் திருப்புதல், சுழற்றுதல். பழைய பிரெஞ்சில் ‘ரெவெர்த்திர்’ என்றாகி, ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்துக்குள் வந்தது.

வந்தபோது அதற்கு இருந்த பொருள் இன்று பலரும் எதிர்பாராதது. மயங்கி விழுந்தவர் மீண்டும் தன் நினைவுக்கு வருவதையே அது குறித்தது. தமிழிலும் இந்த இடத்தில் ‘நினைவு திரும்பியது’ என்கிறோம் அல்லவா? ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் மனிதர் தம்மிடமே திரும்பி வருகிறார்; தமிழில் மனிதர் அங்கேயே கிடக்க, போயிருந்த நினைவு அவரிடம் திரும்பி வருகிறது. எது திரும்புகிறது, எவரிடம் திரும்புகிறது என்ற இந்தக் கேள்வி சொல்லின் வரலாறு முழுவதும் தொடர்கிறது. சொத்தும் பதவியும் பழையவரிடம் செல்வதைக் குறிக்கும் பொருள் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும், பழைய வழக்கத்துக்கோ கருத்துக்கோ திரும்புதல் என்ற பொருள் 1610களிலும் தோன்றின. ‘ரிவர்ஷன்’ என்ற பெயர்ச்சொல் மட்டும் 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சட்டச் சொல்லாக ஆங்கிலத்தில் வழங்கியது.

‘வெர்த்தெரே’ பெற்ற பிள்ளைகள் மிகப் பலர். ‘கன்வர்ட்’, ‘டைவர்ட்’, ‘இன்வர்ட்’ ஆகியவை முன்னொட்டு மட்டும் மாறிய உடன்பிறப்புகள். தலைசுற்றலைக் குறிக்கும் ‘வெர்டிகோ’வும், திரும்ப உதவும் முதுகெலும்பின் கண்ணியான ‘வெர்டெப்ரா’வும், ஆண்டு சுழன்று அதே நாளுக்கு வருவதைச் சொல்லும் ‘ஆனிவெர்சரி’யும் அக்குடும்பத்தவையே. எனக்கு மிகப் பிடித்தது ‘வெர்ஸ்’. இலத்தீனில் ‘வெர்ஸுஸ்’ என்றால் உழவுச்சால். ஏர் வயலின் கடைசி வரை சென்று திரும்புவதுபோல, எழுத்து ஒரு வரியின் முடிவில் திரும்பி அடுத்த வரியைத் தொடங்குவதால் செய்யுளடிக்கு அப்பெயர் வந்தது. திரும்பாமல் நேரே முன்னோக்கிச் செல்வது என்ற பொருளில் ‘ப்ரோ’ சேர்ந்த சொல்லிலிருந்து உரைநடையைக் குறிக்கும் ‘ப்ரோஸ்’ பிறந்தது. செய்யுளுக்கும் உரைநடைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வினைச்சொல்லைக் கொண்டு சொல்லிவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இலத்தீனுக்கும் முந்தைய இந்தோ-ஐரோப்பிய வேர், வடமொழியில் ‘வ்ருத்’ என்ற வினையடியாக நிற்கிறது. அதன் வழி வந்த சொற்கள் பல தமிழில் நெடுங்காலமாக வழங்குகின்றன. தாளத்தின் ஒரு சுற்றான ஆவர்த்தனம், கொடுத்து வாங்குதலான பரிவர்த்தனை, ஆழி உருளச் செல்பவரான சக்கரவர்த்தி ஆகியவை ‘ரிவர்ட்’ என்பதற்கு ஒன்றுவிட்ட உறவினர்கள். இன்னும் நெருங்கிய உறவு ‘நிவர்த்தி’. வடமொழியில் அதன் முதற்பொருள் பின்வாங்குதல், திரும்பி வருதல், ஓய்தல் என்பதே. தமிழுக்கு வந்தபின் குறையைப் போக்குதல் என்ற பொருளில் நிலைத்துவிட்டது. அவ்வாறு ஆகாதிருந்தால் உங்கள் நூலுக்கு வேண்டிய சொல் ஆயத்தமாகக் கையில் இருந்திருக்கும்.

தபால்பெட்டி எழுதியது:

வேர்தேடி ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. வணங்குதலைக் குறிக்கும் ‘ரெவியர்’, எதிரொலித்தலைக் குறிக்கும் ‘ரிவெர்பரேட்’ ஆகியவையும் இதே குடும்பமா?

வேர்தேடி எழுதியது:

இல்லை. ஒலி ஒற்றுமைதான் மயக்குகிறது. முன்னது அஞ்சுதலையும் மதித்தலையும் குறிக்கும் ‘வெரேரி’ என்ற வேறொரு வினையிலிருந்தும், பின்னது அடித்தலைக் குறிக்கும் ‘வெர்பெராரே’ என்பதிலிருந்தும் வந்தவை. அதேவேளை, தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் ஆங்கிலத்தின் ‘வார்டு’ என்ற பின்னொட்டு, அதாவது ‘பேக்வார்டு’, ‘ஃபார்வார்டு’ ஆகியவற்றின் இறுதி, ஜெர்மானிய வழியாக வந்த இதே வேர்தான்.

வழக்கேடு எழுதியது:

சொத்துரிமை இயலைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். இச்சொல் ஆங்கிலத்தில் வேரூன்றியதற்கு இங்கிலாந்தின் நிலச்சட்டமே பெருங்காரணம் என்பது என் கருத்து.

ஒருவர் தம் நிலத்தின் முழு உரிமையையும் கொடுக்காமல், இன்னொருவரின் ஆயுட்காலம் வரைக்கும் மட்டும் கொடுக்கிறார் என்று கொள்வோம். கொடுத்தது போக அவர் கையில் மிஞ்சியிருக்கும் எதிர்கால உரிமையே ‘ரிவர்ஷன்’. பெற்றவர் இறந்த கணத்தில் நிலம் கொடுத்தவரிடமோ அவருடைய வாரிசுகளிடமோ வந்துவிடும். அதற்குப் புதிதாக ஒரு பத்திரம் எழுத வேண்டியதில்லை. எவரும் எதையும் திருப்பித் தர வேண்டியதுமில்லை. 1285ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட ‘டி டோனிஸ்’ சட்டத்தின் காலத்திலேயே, பெற்றவரின் வாரிசு வழி அற்றுப்போனபின் கொடை நிலத்தைக் கொடுத்தவர் பக்கம் கேட்டுப் பெறுவதற்குரிய நீதிமன்ற ஆணைக்கு ‘ரிவர்ட்டர்’ என்ற சொல்லே பெயரில் இடம்பெற்றிருந்தது.

இதன் எதிர்ச்சொல்லையும் பார்த்தால் பொருள் இன்னும் துலங்கும். ஆயுட்காலம் முடிந்தபின் நிலம் கொடுத்தவரிடம் வராமல் மூன்றாம் நபருக்குச் செல்லும்படி எழுதியிருந்தால், அந்த மூன்றாமவரின் உரிமைக்கு ‘ரிமெய்ண்டர்’ என்று பெயர். கணக்கில் மீதியாக நிற்பதைக் குறிப்பதால் அப்பெயர் வந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் நிலம் வீடு திரும்பாமல் வெளியிலேயே தங்கிவிடுகிறது என்பதே அச்சொல்லின் முதற்பொருள். ஒன்று திரும்பும் நிலம், மற்றொன்று தங்கிவிடும் நிலம். இடைக்காலச் சட்ட அறிஞர்கள் நிலத்தைப் பயணம் போகும் ஒன்றாகவே கண்டிருக்கிறார்கள்.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. ‘பள்ளிக்கூடமாகப் பயன்படும் காலம் வரை’ என்று எல்லை வகுத்து ஒருவர் நிலம் கொடுத்தால், பள்ளி மூடப்பட்ட நொடியிலேயே நிலம் தானாக அவரிடம் செல்லும். கொடுத்தவர் தூக்கத்தில் இருந்தாலும் செல்லும். ‘பள்ளிக்கூடமாகப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்’ என்று எழுதிக் கொடுத்தால், நிபந்தனை மீறப்பட்டபின் கொடுத்தவர் தாமே முன்வந்து உரிமை கோர வேண்டும். கோராத வரை நிலம் பெற்றவரிடமே இருக்கும். முன்னதற்கு மட்டுமே ‘ரிவர்ட்டர்’ என்ற சொல் உரியது. இங்கிலாந்தில் 1841ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பள்ளிகளுக்குக் கொடுக்கப்பட்ட பல நிலங்கள் இவ்வாறு தானாகத் திரும்பும் தன்மை உடையவையாக இருந்தன. தலைமுறைகள் கடந்தபின் வாரிசுகளைத் தேடிக் கண்டறிவது பெரும் சிக்கலானதால், 1987ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றி, தானாகத் திரும்புவதற்கு மாற்றாக ஓர் அறக்கட்டு உரிமையை, அதாவது நிலத்தை வைத்திருப்பவர் அதை உரியவர்களின் நன்மைக்காகவே வைத்திருக்கும் ஏற்பாட்டை, ஏற்படுத்தினார்கள். ஒரு சொல்லின் பொருளைச் சமாளிப்பதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது என்றுகூடச் சொல்லலாம்.

இலக்கணப்பித்தன் எழுதியது:

வழக்கேடு அவர்கள் ‘தானாக’ என்ற சொல்லைப் பல முறை எழுதியிருக்கிறார். என் பார்வையில் இந்த விவாதத்தின் திறவுகோல் அதுதான்.

தமிழில் தன்வினைக்கும் பிறவினைக்கும் தனித்தனி வடிவம் உண்டு. திரும்பு என்றால் தானே திரும்புதல்; திருப்பு என்றால் இன்னொன்றைத் திரும்பச் செய்தல். மாறு, மாற்று என்பதும் அப்படியே. மீள் என்பதில் மீண்டது என்பது தன்வினை, மீட்டது என்பது பிறவினை. ஆங்கில வினைச்சொல்லுக்கு இந்த வடிவ வேறுபாடு பெரும்பாலும் கிடையாது. ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்கிறது. எனவே ‘ரிவர்ட்’ எந்த இடத்தில் தன்வினை, எந்த இடத்தில் பிறவினை என்று பார்க்காமல் தமிழ்ச்சொல் தேட முடியாது.

இலத்தீனிலேயே இதற்கு ஒரு முன்வரலாறு இருக்கிறது. செவ்வியல் இலத்தீனில் இந்த வினையை நிகழ்காலத்தில் பெரும்பாலும் ‘ரெவெர்த்தொர்’ என்றே எழுதினார்கள். வடிவத்தில் அது செயப்பாட்டு வினை. பொருளிலோ ‘நான் திரும்புகிறேன்’ என்னும் செய்வினை. திருப்பு என்ற பிறவினையைச் செயப்பாட்டு உடையில் நிறுத்தி, ‘திருப்பப்படுகிறேன்’ என்பதுபோல் சொல்லி, ‘திரும்புகிறேன்’ என்ற தன்வினைப் பொருளை வருவித்திருக்கிறார்கள். இறந்தகாலத்தில் மட்டும் ‘ரெவெர்த்தி’ என்று செய்வினை வடிவம் வந்தது. திரும்பு என்றும் திருப்பு என்றும் ஒரு மெய்யின் மாற்றத்தால் நாம் எளிதில் சொல்வதை, அம்மொழி இப்படிச் சுற்றி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

ஏட்டுச்சுவடி அவர்களின் நான்கு இடங்களில் நிலமும் புறாவும் தன்வினை. நிரலரின் செயல் பிறவினை. கடிதம் எழுதுபவரின் செயல் மீண்டும் தன்வினை. ஆனால் அங்கே திரும்புவது எழுதுபவரின் கவனம். ஒரே சொல் போதும் என்ற பதிப்பாசிரியரின் விருப்பம் நிறைவேற வழியில்லை. ஒரே அடியிலிருந்து இரண்டு வடிவங்கள் வேண்டுமானால் சாத்தியம்.

மரபியல் ஆசிரியை எழுதியது:

புறாவைப் பற்றிய இயல் அநேகமாக டார்வினின் ஆய்வைத் தழுவியது என்று எண்ணுகிறேன். 1859இல் வெளிவந்த தம் நூலிலேயே அவர் அதை விவரித்திருக்கிறார். முழுவதும் வெள்ளையான விசிறிவால் புறாக்களையும், முழுவதும் கறுப்பான ‘பார்ப்’ இனப் புறாக்களையும் இணைத்தார். பிறந்தவை பழுப்பும் கறுப்பும் கலந்த புள்ளிகளுடன் இருந்தன. அவற்றைத் தமக்குள் மீண்டும் இணைத்தபோது பிறந்த பேரக்குஞ்சு ஒன்று, காட்டு மாடப்புறாவின் நீல நிறத்தையும், வெண்ணிறப் பின்முதுகையும், இறக்கையில் இரட்டைக் கறுப்புப் பட்டைகளையும் கொண்டிருந்தது. தாத்தா பாட்டி எவரிடமும் காணாத அந்த நிறம், எண்ணற்ற தலைமுறைகளுக்கு முந்தைய மூதாதையின் நிறம். இதற்கு டார்வின் கையாண்ட சொல் ‘ரிவர்ஷன்’. வளர்ப்புப் புறா இனங்கள் அனைத்தும் மாடப்புறாவிலிருந்து வந்தவை என்ற தம் முடிவுக்கு இதை அவர் முக்கியச் சான்றாக வைத்தார்.

இதற்குரிய விளக்கம் அவருடைய காலத்தில் இல்லை. பண்புகள் தலைமுறைகளுக்குக் கடத்தப்படுவது பற்றிய மெண்டலின் விதிகள் 1900இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தபின், மரபியலாளர் பேட்சனும் அவருடைய கூட்டாளிகளும் இனிப்புப் பட்டாணிச் செடிகளில் இதே நிகழ்வைக் கண்டார்கள். வெள்ளைப் பூப் பூக்கும் இரு வகைகளை இணைத்தபோது ஊதாப் பூக்கள் பூத்தன. ஊதா நிறம் தோன்ற இரண்டு காரணிகள் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு வகையில் ஒன்றும் மற்ற வகையில் இன்னொன்றும் இல்லாமற்போயிருந்தன. இணைந்தபோது இரண்டும் கூடின. எதுவும் பின்னோக்கிச் செல்லவில்லை. பிரிந்து கிடந்தவை முன்னோக்கிச் செல்லும் தலைமுறையில் ஒன்று சேர்ந்தன, அவ்வளவுதான். பின்னோக்கித் திரும்புதல் என்று சொல் சொல்கிறது. நிகழ்வு அப்படி இல்லை. மாணவர்களுக்குப் பாடம் சொல்லும்போது இந்த இடத்தில் நான் நெடுநேரம் நிற்பேன்.

இச்சொல் புள்ளியியலிலும் ஒரு தடம் விட்டுச் சென்றிருக்கிறது. ஃபிரான்சிஸ் கால்டன் 1877இல் ஆற்றிய உரையில், பெரிய விதைகளிலிருந்து விளைந்த பட்டாணிகள் சராசரி அளவை நோக்கி நெருங்குவதை ‘ரிவர்ஷன்’ என்றே குறிப்பிட்டு, அதன் அளவுக்கு அச்சொல்லின் முதலெழுத்தைக் குறியீடாக வைத்தார். பின்னர் 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும் அவர்களுடைய 928 பிள்ளைகளின் உயரத்தையும் ஆராய்ந்தபோது, சொல்லை ‘ரிக்ரஷன்’ என்று மாற்றிக்கொண்டார். நிகழ்வது மூதாதையை நோக்கிய மீட்சி அன்று, கூட்டத்தின் நடுவை நோக்கிய நகர்வு என்பதால் அந்த மாற்றம் பொருத்தமானது. இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழுவை இன்று நாம் எழுதும் ‘ஆர்’ என்ற எழுத்து அந்தப் பழைய சொல்லின் மிச்சம்.

நவீன மரபியலில் சொல் மேலும் கூர்மை பெற்றது. புரூஸ் ஏம்ஸ் 1970களில் உருவாக்கிய சோதனையில், ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தாமே தயாரிக்கும் திறனைச் சடுதிமாற்றத்தால், அதாவது மரபணுவில் நேர்ந்த மாற்றத்தால், இழந்த சால்மொனெல்லா பாக்டீரியாக்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு வேதிப்பொருளின் தாக்கத்தால் மீண்டும் ஒரு சடுதிமாற்றம் நேர்ந்து, இழந்த திறனைப் பெற்றவை மட்டும் வளர்ந்து கூட்டமாகத் தெரியும். அவற்றுக்கு ‘ரிவர்ட்டண்ட்’ என்று பெயர். அவற்றில் சில, பழுதான அதே இடம் பழையபடி ஆனதால் மீண்டவை. வேறு சில, பழுது அப்படியே இருக்க, இன்னோர் இடத்தில் நேர்ந்த மாற்றம் அதை ஈடுசெய்ததால் மீண்டவைபோல் தோன்றுபவை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே.

நிரல்மேசை எழுதியது:

ஆசிரியை அம்மா இறுதியில் சொன்னது எங்கள் துறைக்கு அப்படியே பொருந்துகிறது. நிரலில் செய்யும் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து வைக்கும் ‘கிட்’ என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவியில் ‘ரிவர்ட்’ ஆணையை இட்டால், தவறான மாற்றம் வரலாற்றிலிருந்து அழிவதில்லை. அதற்கு நேர் எதிரான மாற்றத்தைச் செய்யும் புதிய பதிவு ஒன்று வரலாற்றின் நுனியில் சேர்கிறது. கோப்பு பழைய நிலைக்கு வந்துவிடும். வரலாறு மட்டும் ஒரு படி நீண்டிருக்கும். வரலாற்றின் நுனியையே பழைய பதிவுக்கு நகர்த்த வேண்டுமானால் அதற்கு ‘ரீசெட்’ என்ற வேறோர் ஆணை உள்ளது. கணக்கேட்டில் தவறாக எழுதிய பதிவை அழிக்காமல் எதிர்ப்பதிவு இடுவார்களே, அந்த ஒழுக்கம்தான் இது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ‘சப்வெர்ஷன்’ என்ற பழைய கருவியில் இதே ‘ரிவர்ட்’ ஆணை வேறு வேலை செய்கிறது. இன்னும் பதிவேற்றாமல் நம் கணினியில் மட்டும் இருக்கும் திருத்தங்களை அது துடைத்துவிடுகிறது. எதிர்ப்பதிவும் இல்லை, தடயமும் இல்லை. ஒரு கருவியிலிருந்து மற்றதற்கு மாறிய காலத்தில் அரை நாள் உழைப்பை இப்படி இழந்தவன் நான். ஆகவே மென்பொருள் இயலை மொழிபெயர்க்கும்போது எந்தக் கருவியைப் பற்றிய பேச்சு என்று முதலில் பாருங்கள். கிட் என்றால் ‘மாற்றத்துக்கு எதிர்ப்பதிவு இட்டார்’ என்று எழுதலாம்; சப்வெர்ஷன் என்றால் ‘திருத்தங்களைக் கைவிட்டார்’ என்பதே உண்மை.

விக்கிப்பீடியாவிலும் இச்சொல் பிறவினைதான். ஒருவரின் திருத்தத்தை இன்னொருவர் முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவருவதை அது குறிக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் ஒருவர் இவ்வாறு செய்யக்கூடாது என்ற விதியே உண்டு. தானாகத் திரும்பும் நிலத்துக்கு இப்படி ஒரு விதி தேவைப்படாது. யாரோ ஒருவர் கைவைத்துத் திருப்புவதால்தான் விதி வேண்டியிருக்கிறது.

தபால்பெட்டி எழுதியது:

கடித இயலைப் பற்றி எவரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை. பதில் எழுதுதல் என்ற பொருளில் ‘ரிவர்ட்’ எழுதுவது பிழை என்று எனக்கு இளமையில் கற்பித்தார்கள். நாற்பது ஆண்டுகளாக அலுவலகக் கடிதங்கள் எழுதி வருகிறேன். ஒரு முறைகூட அப்படி எழுதியதில்லை. இப்போது அது எங்கும் பரவியிருப்பதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. சொல்லுக்கு உள்ள பொருளை விட்டுவிட்டு இல்லாத பொருளை ஏற்றலாமா?

வேர்தேடி எழுதியது:

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் நான் உடன்படவில்லை. இப்பயன்பாடு இந்தியா, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளின் ஆங்கிலத்தில் ஆழ வேரூன்றியது. ஆங்கிலம் கற்போருக்கான அகராதிகள் இதை இந்திய ஆங்கிலம் என்று குறித்து ஏற்றுக்கொண்டுவிட்டன. பேச்சில் விட்ட இடத்துக்குத் திரும்புதல், முன்பு பேசிய பொருளை மீண்டும் எடுத்தல் என்ற பொருள் இச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலமாக உண்டு. ‘இந்தப் பொருளுக்குத் திரும்புவேன்’ என்பதிலிருந்து ‘இந்தப் பொருள் பற்றி உங்களிடம் திரும்புவேன்’ என்பதற்கு ஒரு சிறு தாண்டல்தான். ‘ரிட்டர்ன்’ என்ற சொல்லும் ஆங்கிலக் கதைகளில் ‘என்று மறுமொழி சொன்னார்’ என்ற பொருளில் வருகிறதே. அதை எவரும் பிழை என்பதில்லை.

நம் மொழியிலும் இதே பாதை தெரிகிறது. பழந்தமிழில் ‘மாற்றம்’ என்றால் சொல். மறுமொழி என்ற பொருளும் அதற்கு உண்டு. ‘மாற்றம் தந்தான்’ என்றால் பதில் சொன்னான் என்று பொருள். திருப்புவதும் மாற்றுவதும் விடைசொல்வதும் ஒன்றையொன்று ஒட்டியே மனித மனத்தில் இருக்கின்றன.

ஆயினும் ஒரு குறை உண்மையானது. இப்பயன்பாடு அறியாத நாட்டினர் ஒருவருக்கு ‘ரிவர்ட்’ செய்யுமாறு எழுதினால், எதை எந்தப் பழைய நிலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவர் திகைப்பார். வழக்காகிவிட்ட பயன்பாடு என்பதற்காக எல்லாரிடமும் அதைப் பயன்படுத்த வேண்டியதில்லை.

தபால்பெட்டி எழுதியது:

மாற்றம் என்ற சொல்லின் சான்றை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அதை ஏற்கிறேன். நான் எழுதமாட்டேன், எழுதுபவர்களைப் பிழை செய்கிறார்கள் என்றும் இனிச் சொல்லமாட்டேன். ‘ரிவர்ட் பேக்’ என்று எழுதுவதையாவது கூறியது கூறல் என்று ஒதுக்கலாமா?

இலக்கணப்பித்தன் எழுதியது:

சுருக்கம் வேண்டும் இடத்தில் ஒதுக்கலாம். ஆனால் ‘ரெ’ என்பதில் பின்னோக்கி என்ற பொருள் இருப்பது இலத்தீன் அறிந்தவருக்கு மட்டுமே கேட்கும். மற்றவர்களுக்கு அது வெறும் ஓசை. பொருள் மங்கிய இடத்தில் பேசுவோர் இன்னொரு சொல்லை ஊன்றுகோலாக வைக்கிறார்கள். மீமிசை, உயர்ந்தோங்கு ஆகியவற்றை ஒருபொருட்பன்மொழி என்று நம் இலக்கணம் ஏற்றுக்கொண்டது. நாமும் நாள்தோறும் ‘மீண்டும் திரும்பி வந்தார்’ என்கிறோம்.

மரபியல் ஆசிரியை எழுதியது:

விவாதத்துக்கு இன்னொரு வழக்கு. இஸ்லாத்தை ஏற்றவர்களுள் சிலர் ஆங்கிலத்தில் தம்மை ‘கன்வர்ட்’ என்று சொல்லாமல் ‘ரிவர்ட்’ என்று சொல்கிறார்கள். ஒவ்வொரு மனிதரும் இறைவனை அறியும் இயல்போடே பிறக்கிறார் என்பது அவர்களின் நம்பிக்கை. ஆகவே தாங்கள் புதிதாக மாறவில்லை, பிறவி இயல்புக்கு மீண்டோம் என்பது அவர்களின் விளக்கம். இங்கே சொல் பெயராக நிற்பதால் அழுத்தமும் முதல் அசைக்கு நகர்ந்துவிடுகிறது. மாறியவர், மீண்டவர் என்ற இரு தமிழ்ச்சொற்களும் அந்த வேறுபாட்டை முழுமையாகத் தாங்குகின்றன.

வழக்கேடு எழுதியது:

மீண்டதா, மீட்கப்பட்டதா என்பது நாடுகளுக்கு இடையிலும் பெருங்கேள்வி. அமெரிக்க ஆட்சியில் இருந்த ஒக்கினாவா தீவு, 1971 ஜூன் 17 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, 1972 மே 15 அன்று ஜப்பானிடம் சென்றது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘ஒக்கினாவா ரிவர்ஷன்’. ஜப்பானிய மொழியிலோ அதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ‘ஹென்கான்’ என்றால் வைத்திருந்தவர் திருப்பித் தருதல். ‘ஃபுக்கி’ என்றால் பழைய நிலைக்குத் தானே மீளுதல். முன்னது அரசுகளுக்கு இடையிலான கைமாற்றத்தைச் சொல்கிறது. பின்னது தாய்நாட்டோடு மீண்டும் இணைவதைச் சொல்கிறது. இலக்கணப்பித்தன் காட்டிய தன்வினையும் பிறவினையும் ஒரே நாளுக்கு இரண்டு பெயர்களாக நிற்கின்றன. ஆங்கிலச் சொல் இரண்டையும் மூடி மறைத்துவிடுகிறது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பதிப்பாசிரியரிடம் இந்த விவாதத்தைக் காட்டினேன். ஒரே சொல் என்ற விதியை அவர் தளர்த்திவிட்டார். நிலத்துக்கும் புறாவுக்கும் ‘மீள்’ என்ற வினையையும், சட்டப் பெயர்ச்சொல்லுக்கு ‘மீளுரிமை’ என்பதையும் வைத்துக்கொள்கிறேன். மென்பொருளுக்கு ‘மீட்டார்’ என்று எழுத நினைத்தேன். இழந்த கோப்பைக் காப்பாற்றியதாகப் பொருள் மாறிவிடும் என்பதால், பொது விளக்கத்தில் ‘முன்னிலைக்கு மீளச் செய்தார்’ என்றும், கிட் பற்றிய பகுதியில் நிரல்மேசை சொன்னபடி ‘எதிர்ப்பதிவு இட்டார்’ என்றும் எழுதுகிறேன். கடிதத்தில் ‘மறுமொழி தருவேன்’ என்பதே போதும்.

ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. ‘குத்தகைக் காலம் முடிந்ததும் நிலம், அதைக் குத்தகைக்குக் கொடுத்தவருக்கே மீளும்’ என்று எழுதியிருக்கிறேன். இது சரியா, வழக்கேடு ஐயா?

வழக்கேடு எழுதியது:

இரண்டு திருத்தங்கள் வேண்டும். குத்தகையில் நிலத்தின் உரிமை வெளியே போகவே இல்லை. போனது நிலத்தைக் கையில் வைத்து அனுபவிக்கும் உரிமை மட்டும். ஆகவே மீள்வது அந்தக் கைவசம். அடுத்து, ‘கொடுத்தவருக்கே’ என்பதில் உள்ள ஏகாரத்தை எடுத்துவிடுங்கள்; ‘கொடுத்தவர்’ என்பதையும் மாற்றுங்கள். மீளுரிமை தனிச்சொத்து. குத்தகை நடக்கும்போதே அதை விற்கலாம், உயில் எழுதி வைக்கலாம். 99 ஆண்டுக் குத்தகையின் 50ஆம் ஆண்டில் ஒருவர் மீளுரிமையை வாங்கியிருந்தால், காலம் முடியும் நாளில் நிலம் அவரிடம் செல்லும். அந்த நிலத்தை அவர் அதற்குமுன் ஒரு நாளும் கையில் வைத்திருக்கமாட்டார். ஆயினும் அது அவருக்கு ‘மீள்கிறது’ என்றே சட்டம் சொல்லும். ‘குத்தகைக் காலம் முடிந்ததும் நிலத்தின் கைவசம், அப்போது மீளுரிமையை உடையவரிடம் மீளும்’ என்று எழுதுங்கள்.